சட்டம் பேசாத குமாஸ்தா

வக்கீல் மாதவராஜின் குமாஸ்தா கோகிலவாணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தர்மபுரி நீதிமன்ற வராண்டாவில் உட்காருவாள், எழுவாள், தூணைச் சுற்றி வருவாள். நாக்கைக் கட்டிப்போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. பழக்கமில்லாத வேலை, கஷ்டமாகத்தானே இருக்கும்!

கட்டிப்போட்டவர் மாதவராஜ். குமாஸ்தாவே கட்சிக்காரர்களுக்கு யோசனை சொல்கிறாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் வக்கீல் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். "வாய்தா தேதி சொல்லு, அதோட நிறுத்திக்க. இனிமே சட்டம் பேசினா வேலைக்கு வராத" என்று மாதவராஜ் சொல்லிவிட்டார். அவள் பேசாமல் என்ன செய்வாள்? இந்த மனுஷன்தான் யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதே இல்லையே.

போன் அடித்தது. காரிமங்கலத்துப் பக்கத்துச் சென்னம்மாள். புருஷனை இழந்தவள். அப்பன் நிலத்தில் பங்கு கேட்டுத் தம்பி தர்மன் மேல் வழக்குப் போட்டிருந்தாள். அது வந்தால்தான் கூலிக்குப் போகாமல் கஞ்சி குடிக்கலாம்.

"வக்கீலம்மா, தம்பி என்னய பத்திர ஆபீசுக்குக் கூட்டியாந்துட்டானுங்க. பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரமாம். ரேகை வெச்சா தாய்வூட்டுக்கு வந்து போயி இருக்கலாங்கறான். பேரு கூப்பிடப் போறாங்க. வெக்கட்டுங்களா?"

"நான் வக்கீல் இல்லைங்கக்கா. இருங்க, சாரைக் கேக்கறேன்."

ஓடினாள். உள்ளே மாதவராஜ் குறுக்கு விசாரணையில் மும்முரமாக இருந்தார். வாசலில் நின்று கையை ஆட்டினாள். அவர் ஈ விரட்டுவது போலத் திருப்பி ஆட்டினார்.

ரேகை வைத்தால் பங்கு போயிற்று. இது கோர்ட் வாசல் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அவர் சொன்னால் குற்றமில்லை, அவள் சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். "வெக்காதீங்க" என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. அப்போதுதான் குறுக்குப் புத்தி வேலை செய்தது.

"அக்கா, தலைய சுத்துதுன்னு கீழ உக்காந்துக்கோங்க. சார் பேசற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

இதில் சட்டம் எங்கே இருக்கிறது? எந்தச் சங்கம் குற்றம் சொல்ல முடியும்? தன்னைத்தானே மெச்சிக்கொண்டு டீ வாங்கினாள். பாதி டம்ளருக்கு மேல் இறங்கவில்லை.

மறுபடி போன். சென்னம்மாள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"நீங்க சொன்னாப்பலயே உக்காந்தனுங்க. எந்தம்பி பயந்துட்டான். என்னய தூக்கிட்டு வெளிய ஓடியாந்து, 'அக்கா, கண்ணத் தொறக்கா'ன்னு கெடந்து அழுவறான். ஆஸ்பத்திரிக்குப் போலாம், பத்திரமும் வேணாம் ஒண்ணும் வேணாங்கறான். ஆத்தா செத்தப்பக்கூட அவன் அப்பிடி அழுவலைங்க."

"அப்பறம்?"

"அவங்கிட்டயா நான் பங்கு கேக்கறது? நானே உள்ள போயி ரேகை வெச்சுட்டு வந்துட்டனுங்க."

கோகிலவாணி சுவரில் சாய்ந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மாதவராஜ் கோட்டைக் கழற்றியபடி வெளியே வந்தார். "என்ன அவசரம்? யார்கிட்டயாவது சட்டம் பேசிட்டயா?"

"இல்லைங்க சார்."

"நல்லது. சென்னம்மாவுக்கு இப்பவே போன் போடு. தம்பிக்காரன் ஏதோ பத்திரம் தயார் பண்றானாம். எதுலயும் ரேகை வெக்கக் கூடாதுன்னு நான் சொன்னதா சொல்லு. நான் சொன்னதா சொன்னா தப்பில்ல."

"வெச்சுட்டாங்க சார்" என்றாள் கோகிலவாணி.