மஞ்சள் பஞ்சு

1

இந்தக் கதை எனக்கு மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கொஃபோரிடுவா நகரில் என் பக்கத்து வீட்டுக்காரி அஃப்ரியே போட்ட கூச்சல். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் ஈரச்சேலையை மண்ணில் போட்டுவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தையல் மிஷின் என்பது ஒரு குடும்பத்தின்…’ வேண்டாம். மிஷின் மிஷின்தான்.

2

அஃப்ரியே அன்று மிஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தாள். ஊசியைக் கழற்றினாள். தகட்டின் திருகுகளைத் திருப்பி எடுத்துவிட்டு, துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் அடைந்திருந்த தூசியைப் பழைய பிரஷ்ஷால் தள்ளினாள். மஞ்சள் பஞ்சு வந்தது. மெத்துமெத்தென்று, ஒரு உருண்டையாக.

அவள் அப்போது தைத்துக்கொண்டிருந்ததெல்லாம் நீலச் சீருடை. இது ஃபிளானல் பஞ்சு. கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கிற துணி.

கணவன் ஒட்டெங் வாசலில் கென்கே என்ற சோளமாவு உருண்டையை மடல் உரித்துத் தின்றுகொண்டிருந்தான். வேன் ஓட்டுகிறவன். மிஷின் சத்தம் கேட்டாலே தலைவலி என்பான்.

“செர்வா அப்பா, என் மிஷின யாரு தொட்டது?”

(செர்வா அவர்களுடைய ஒரே மகள். நசாவம் என்ற ஊரில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.)

“எலியா இருக்கும்.”

“எலி ஃபிளானல் தைக்குமா? எவ அவ? எந்த ஊர்ல புள்ள பெத்து வச்சிருக்கே?”

நான் கேட்ட கூச்சல் இதுதான்.

3

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் இன்னொருத்தி வந்தாள். பெயர்கூட வைத்துவிட்டேன். அவள் சந்தையில் வெங்காயம்… அந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

ஒட்டெங் எழுந்து போய், வேன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் சட்டை.

“செர்வாவோட பொண்ணுக்கு.”

“எந்தச் செர்வா?”

ஒட்டெங் சட்டையை அவள் கையில் வைத்தான்.

“வயித்தத் தள்ளிக்கிட்டு வந்தா என் வாசல்ல நிக்கக்கூடாதுன்னு சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நீதான சொன்ன? அவ நிக்கல, அவ்ளோதான்.”

“நீ சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லாதப்பான்னு அழுதா. நீ சந்தைக்குப் போறப்பல்லாம் உக்காந்து தச்சேன்.”

அஃப்ரியே அப்புறம் கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மற்றதில் அஃப்ரியே மிஷினைத் தூக்கி முற்றத்தில் எறிகிறாள் (அந்த இரும்பை யார் தூக்குவது?). இரண்டும் பொய்யாக இருந்தன. மறுநாள் அவளிடமே போனேன்.

“அக்கா, அப்புறம்?”

“அப்புறம்னா? எழுதறவளுக்கு முடிவு வேணும். எனக்கு இன்னும் படபடப்பே அடங்கல.” மஞ்சள் சட்டையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். “பாரு, பிசிற மடிச்சே தைக்கல இந்த மனுஷன். புள்ளைக்கு அக்குள் புண்ணாயிடும்.”

கத்தரியால் சட்டையின் ஒரு கையை நூல் நூலாகப் பிரித்தாள். பிரித்ததை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ஒட்டெங் மகளிருக்கும் நசாவத்துக்குப் போக வேனைக் கிளப்பிவிட்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான்.

அவள் எழுந்து மிஷின் பக்கம் போனாளா, வேன் பக்கம் போனாளா? எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். இடம் உங்களுக்குத் தெரியும். போய்ப் பாருங்கள்.