பளபளவென்று கழுவிய குவளை

தேநீர் கபிரியேலின் கைக்குத்தான் கட்டுப்படும் என்று பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. இழுத்து ஆற்றுகிற பால் தேநீரான தே தாரேக்கை மற்றவர்கள் தடிப்பாகக் கொட்டுவார்கள். அவன் மட்டும் தலைக்கு மேலே தூக்கிய குவளையிலிருந்து நூல் மாதிரி மெலிதாக இழுப்பான், வெளியே ஒரு சொட்டு வழியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேநீர் ஆற்றுகிறவன் வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான். அந்தத் திமிரும் அவனுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

உண்மையில் அது அவன் கை செய்த வேலையில்லை, அவன் தங்கை டொரத்தியின் விரல் செய்த வேலை. கடையில் ரொட்டி பாக்கார் என்ற சுட்ட ரொட்டிக்குப் பட்டர் தடவுகிறவள் அவள். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பட்டர்க் கையோடு குவளையை எடுத்து நீட்டினாள், அன்றைக்குத்தான் முதல்முறையாக அண்ணன் சட்டை நனையவில்லை. அவள் உற்றுப் பார்த்துப் புரிந்துகொண்டாள். சுத்தமான எவர்சில்வரை நீர் விடாது. மெதுவாக ஊற்றினால் விளிம்பைச் சுற்றி வளைந்து, குவளையின் வெளிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டே முழங்கைவரை ஓடும். கொழுப்புப் பட்ட விளிம்பில் அதற்கு ஒட்டப் பிடிக்காது, அங்கேயே கழன்று நேராக விழும். அன்றிலிருந்து தினமும் கடை திறந்ததும் விளிம்புக்கு அடியில் ஒரு தடவல். அண்ணன் பெருமைப்பட்டுக்கொள்ளட்டுமே என்று அவனிடம் சொல்லாமல் விட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அப்பா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன கடை அது. அதை மூடிவிட்டு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்குள் தன் பெயரில் கடை போடப் போகிறான் கபிரியேல் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் அவளுக்கே தெரியவந்தது. அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டாள். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே அவன் சொன்னான்.

"எல்லாரும் என் கைக்குத்தான் வர்றாங்க. நீ மக் கழுவறவ. அங்க மக் கழுவ மெஷின் இருக்கு லா."

கறிவேப்பிலையாகத் தூக்கிப் போடுவது என்பார்களே, அது இதுதான். டொரத்தி அழவில்லை. அந்தக் கையின் லட்சணத்தை நாலு பேர் பார்க்க வேண்டும், அதுவரை தூக்கம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். பேரங்காடி மேலாளர் சிவேந்திரன் முன்னால் தே தாரேக் போட்டுக் காட்டி, அவருக்குப் பிடித்தால்தான் இடம் உறுதி என்ற நிலையில், கழுவுகிற மெஷின் இன்னும் வந்து சேரவில்லை. கூட வந்து ஒத்தாசை செய் என்று தங்கையைத்தான் கூப்பிட்டான். சரி அண்ணே என்றாள்.

அவன் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் இரண்டு குவளைகளையும் சோப்பு போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சை வைத்து மறுபடி தேய்த்தாள். வருஷக்கணக்கில் படிந்த பாலும் பட்டரும் போய், விளிம்பில் தண்ணீர் முத்தாக நிற்காமல் மெல்லிய ஏடாகப் பரவியது. இது போதும் என்று நிறுத்தினாள்.

பேரங்காடியில் கூட்டம் கூடியது. கபிரியேல் குவளையை உயர்த்தி, தன் பெயர்பெற்ற நூலை இழுத்தான். பாதி தேநீர் கீழே வரவே இல்லை. குவளையைத் தழுவி இறங்கி, மணிக்கட்டில் ஏறி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் புகுந்தது. சூடு தாங்காமல் முகம் கோணியது. வேகமாக வீசி ஊற்றியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் பயந்தவன் நிதானமாகத்தானே ஊற்றுவான். நிதானம் கூடக் கூட, தேநீர் இன்னும் ஆசையாக ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை சட்டை முன்பக்கம் முழுக்கப் பழுப்பு. யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள். சிவேந்திரன் தன் காலணியைத் துடைத்துக்கொண்டு, பிறகு பேசலாம் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

டொரத்திக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது போல இருந்தது. பாவம் என்று நினைக்க முயன்று பார்த்தாள், வரவில்லை.

கபிரியேல் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மக்ல என்ன பண்ணுன, டொரத்தி?"

"கழுவுனேன் அண்ணே. அதுக்குத்தானே நான்."

ரொட்டியோடு அவள் கொண்டுவந்திருந்த பட்டர் டப்பா அவன் கைக்கு எட்டும் தூரத்திலேயே திறந்து கிடந்தது. அவள் அதில் கத்தியை விட்டு ஒரு வழி வழித்து, ரொட்டியில் ஓரம்வரை தடவி, அவன் பார்க்கப் பார்க்க ஆற அமரக் கடித்தாள். மென்று விழுங்கிய பிறகுதான் பேசினாள்.

"நாளைக்குப் பிரிக்பீல்ட்ஸ் கடைய நானே தொறந்து, நானே தே இழுக்கிறேன். மக் கழுவ ஒரு ஆள் வேணும். வர்றதுன்னா வா."