சாயங்காலம் வரைக்கும் ஒரே விலை

ஈரத் துணியால் கணவரின் உதடுகளை அவள் நனைத்துக்கொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் கடையிலிருந்து பஸ் டிரைவர் குரல் கொடுத்தார்.

"அக்கா, அந்தக் கார் ரேஸ் கேசட் இன்னிக்கு என்ன விலை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் போனது. இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த மனிதர்.

"நாப்பது."

நாற்பதுக்கு இப்போது ஒரு தீப்பெட்டிகூட வராது. அந்தக் கேசட்டின் நேற்றைய விலை நாற்பது லட்சம்.

வீட்டின் முன்னறைதான் கடை. எல்லாம் பழைய வீடியோ கேம் கேசட்டுகள். கையில் வைத்திருக்கும் பணம் தானாகக் கரையத் தொடங்கிய பிறகு, விளையாடத் தெரியாதவர்கள்கூடக் கேசட் வாங்கிப் பீரோவில் பூட்டினார்கள். விலைச் சீட்டு ஒட்டுவதைக் கணவர் நிறுத்திவிட்டார். பசை காய்வதற்குள் விலை மாறிவிடும். கேட்டால் வாயால் சொல்வார். சொன்னது சாயங்காலம் வரைக்கும் மாறாது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட பிறகும், திரைக்குப் பின்னால் படுத்தபடி அவர்தான் சொன்னார்; இந்த இரண்டு நாள் மட்டும் அவள்.

வங்கியில் போட்டதெல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. இனி அவளுக்கு மிச்சம் அந்த அலமாரிதான். கார் ரேஸ் மட்டுமே மூன்று மாதச் சாப்பாடு.

"எட்டு மாசமா சம்பளம் வாங்கின கையோட ஓடி வர்றேன்க்கா," என்றார் டிரைவர். "எப்பவும் விலை எனக்கு முன்னாடி ஓடும். இன்னிக்கு என்ன, ரிவர்ஸ் கியர்ல வருது?"

"இருங்க தம்பி, வர்றேன்."

அவள் கட்டிலின் மேல் குனிந்தாள். "என்னங்க, பால் என்ன விலை?"

"ஆறு. குழந்தைக்கு மட்டும் வாங்கு. நமக்கு வரக் காப்பி போதும்."

பால் ஆறு ரூபாய் விற்றது மகள் நடக்கத் தொடங்கிய வருஷம். கேம் ஆட வைத்திருந்த டிவி பெட்டிகளுக்கு மேலே கட்டிய கயிற்றில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்த அறை.

"வாடகை?"

"முந்நூறு." மூச்சு வாங்கினார். "வயித்துப் பிள்ளையோட அடிக்கடி மாடிப்படி ஏறாத, சொல்லிட்டேன்."

அவளும் அவரோடு இறங்கிக்கொண்டிருந்தாள். வெளியே எல்லாம் ஏறிக்கொண்டே போக, இந்த ஓர் அறையில் மட்டும் விலைகள் மெல்ல மெல்ல இறங்கின. சன்னல் வெளிச்சம்கூட வேறு ஏதோ ஒரு வருஷத்தினுடையதாக இருந்தது.

"சினிமா டிக்கெட்?" என்றாள்.

அவர் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார். நல்ல மரியாதையோடு, முன்பின் தெரியாதவளைப் போல.

"உங்களுக்கு என்ன வேணும்?"

அவளிடம் அவர் 'உங்களுக்கு' என்று சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். தம்பிக்காக ஒரு கேசட் கேட்டு அவர் அப்போது வேலை பார்த்த கடையின் படியை அவள் முதன்முதலாக ஏறிய நாள்.

"ரெண்டு பேர் சேர்ந்து ஆடுறது இருக்கா?"

"இருக்கு." முதலாளி காதில் விழக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப எடுக்காதீங்க. புதுசு வந்ததும் இது இறங்கிடும். அடுத்த மாசம் வந்து பாருங்க."

"சரி. வர்றேன்."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடைக்கு வந்தாள்.

"காய்ச்சல்ல அண்ணன் ஏதோ சொல்லிட்டார்," என்று டிரைவர் நெளிந்தார். "நான் அடுத்த சம்பளத்துக்கு வர்றேன்க்கா."

"விலை சொல்லியாச்சு இல்ல? சாயங்காலம் வரைக்கும் அதுதான்."

கேசட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் பையைத் துழாவினார். "நாப்பதுக்கு இப்ப நோட்டே கிடையாதேக்கா. இருக்கிறதுல சின்னதே ஐந்நூறு."

"என்கிட்ட சில்லறை இல்ல. அப்புறம் கொடுங்க."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"தூங்குறார். சத்தம் போடாம போங்க."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அலமாரியில், எடுத்த இடத்தின் பக்கத்தில் நின்ற கேசட் மெதுவாகச் சரிந்து, அடுத்ததின் மேல் சாய்ந்து நின்றது. அவள் அதை நிமிர்த்தவில்லை.