புல் இல்லை

பேருந்து ஜன்னல் வழியாகத்தான் அவள் அந்தக் கப்பலைப் பார்த்தாள். அடுத்த மாதம் வரவேண்டிய தூர்வாரும் கப்பல், இன்றைக்கே வளைகுடாவின் வாயில் நங்கூரம் போட்டு நின்றது. அதற்குப் பக்கத்தில், ஐந்தாள் ஆழத்தில், கடற்புல் திட்டு ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் வளைகுடா முழுக்கப் பரவிக் கிடந்த புல்லில் மிச்சம் அது மட்டும்தான். அவள் வேலை பார்த்த கடல் ஆய்வகம் அங்கிருந்துதான் நாற்றெடுத்து மற்ற இடங்களில் நட்டு வந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் துறைமுக அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், கோப்பு ஒன்றை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"நீங்க சொல்ற இடத்துல புல்லே இல்லையேம்மா. சர்வே ரிப்போர்ட் இருக்கே."

"யார் சார் சொன்னது? போன வாரம்கூட முங்கிப் பாத்தேன். முழங்கால் உயரத்துக்கு நிக்குது."

அவர் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். 'புல் இல்லை.' இரண்டே சொல். கீழே அவளுடைய கையெழுத்து.

நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம். மழை ஓய்ந்த சமயத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு மட்டும் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. சளியும் காய்ச்சலுமாக இருந்ததால் தண்ணீரில் இறங்கவும் இல்லை. படகிலிருந்தே எட்டிப் பார்த்து எழுதிவிட்டாள்.



"இது தப்பு சார். தப்பா எழுதினது நான்தான்."

"அப்படின்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். ஆனா உத்தரவு வர்ற வரைக்கும் நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. பன்னண்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சிடும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க வேலைக்கே உலை வச்சிக்கிறீங்க. யோசிச்சுக்கோங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மணி ஒன்பதரை.

ஆய்வகத்தின் படகை ஓட்டுபவர் அவளுடைய மாமனார். டீ கிளாஸும் கையுமாகப் படகில் உட்கார்ந்திருந்தவர், மருமகள் முகத்தைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை முடுக்கினார். போகிற வழியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னைக்குப் படகு ஓட்டினது நான்தானே," என்றார் அவர். "காய்ச்சலோட இறங்காதேன்னு சொன்னதும் நான்தான். அதையும் சேத்து எழுதியிருக்கலாம்ல?"

அவள் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

வேர் அறாமல் சேற்றோடு பெயர்த்து, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, கயிற்றை ஆட்டினால் மாமனார் மேலே இழுத்துக்கொள்வார். சிலிண்டர் தீர்ந்ததும் மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினாள். எட்டுக் கூடை ஏறியபோது தரை அதிர்ந்தது. கப்பலின் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சாம்பல் கரைத்தது போல ஆயிற்று. தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. தடவித் தடவித் தோண்டினாள். பிடித்துக்கொள்ள இலை தேடிய கடல்குதிரை ஒன்று அவள் விரலில் வாலைச் சுற்றிக்கொண்டது. மெல்லப் பிரித்து, அதையும் கூடைக்குள் விட்டாள்.

மேலே வரச் சொல்லிக் கயிறு மூன்று முறை சுண்டியது. அவள் போகவில்லை. இன்னும் மூன்று கூடை நிரப்பினாள். காற்று தீர்ந்து இருமிக்கொண்டே மேலே வந்தவளை மாமனார் தோளைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

"இன்னும் எவ்வளவோ இருக்கு மாமா, விடுங்க!"

"இருக்கும்மா. நீயும் இருக்கணும்ல."

அவள் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கப்பலைப் பார்த்துக் கத்தினாள். மேல்தளத்திலிருந்த ஒருவர் ஒலிபெருக்கியை எடுத்து, படகை அப்பால் கொண்டுபோகச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் பதினொரு கூடையையும் அலை குறைந்த ஒரு மூலையில் இருவருமாக நட்டார்கள். நிறுத்தச் சொல்லும் உத்தரவு நாலு மணிக்கு வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது திட்டு இருந்த இடம் சிமெண்டு பூசிய தரை போல வழவழவென்று கிடந்தது.

விசாரணை வைத்தார்கள். அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஆய்வகப் படகைத் தொடக்கூடாது என்பதால், மாமனார் யாரிடமோ துடுப்புப் படகு ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஞாயிறுதோறும் இருவரும் போனார்கள். ஒவ்வொரு முறையும் சில தண்டுகள் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்தன. மூன்று மாதத்தில் ஒன்பது கூடைப் புல் செத்துப்போயிற்று.

கடைசியாகப் போன ஞாயிறு அவள் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை?"

"நூத்தி நாப்பது தண்டு. போன வாரத்துக்கு ஆறு கம்மி."

மாமனார் துடுப்பைப் படகுக்குள் இழுத்து வைத்தார்.

"எண்ணினது தப்பா இருக்கும். இன்னொரு தடவை பாத்துட்டு வாம்மா."

தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி முங்கினாள்.