வால் வண்டி

ரய்யாவின் வண்டிக்கு ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தது நான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்ததும், தளர்ந்துபோன பெல்ட்டை மாற்றியதும், கயிறு மாட்டும் கொக்கியில் துரு சுரண்டியதும் நான்தான்.

குளிர்காலக் காற்று தொடங்கியதும் எங்கள் குடும்பத்து வண்டிகள் எங்கள் ஊரான பிதியாவிலிருந்து மணலைக் கடந்து கடலுக்குப் போகும். அதற்கு முன் மூன்று நாள் ஐந்து வண்டிகளும் வாப்பாவின் பட்டறையில் வரிசையாக நிற்கும். பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதிலிருந்து அந்த வேலை முழுக்க என் கையில்.

ரய்யா என் மாமி மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மஸ்கட்டில் கல்லூரியில் படிக்கிறாள். வியாழன் மாலை வந்து இறங்கியவள் நேராகப் பட்டறைக்குள் நுழைந்து, கிரீஸ் படிந்த என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என் வண்டிய நீதான் பாத்தியா? அப்ப எனக்குக் கவலையே இல்ல. நீ தட்டிக் குடுத்தா செத்த எஞ்சினும் எந்திரிச்சு சலாம் சொல்லும்."

அவளைப் பார்க்க வந்து நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாகூடச் சிரித்தார். இரண்டு நாளாக அவரும் நானும்தான் அந்தப் பட்டறையில் இருந்தோம். ஒரு தடவையும் அவர் சிரிக்கவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வண்டியிலும் நீளக் கம்பில் ஒரு கொடி கட்டுவோம். இருந்த ஐந்தில் ஒன்று வெயிலில் வெளுத்துக் கந்தலாகியிருந்தது. அதை அவள் வண்டியில் கட்டினேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் பட்டறையில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வாப்பாவின் தம்பி முசல்லம் சாச்சா பேச்சை எடுத்தார். பதினேழு வருடம் முதல் வண்டியை ஓட்டியவர் அவர். இந்த வருடம் முதுகில் அறுவை சிகிச்சை. மணலில் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"முன்னாடி யாரு போறது?" என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று வருடமாக வால் வண்டி என்னுடையது. கயிறும் மண்வெட்டியும் காற்றடிக்கும் மெஷினும் வால் வண்டியில்தான் இருக்கும். முன்னால் எவன் எங்கே மாட்டினாலும் இழுத்து எடுப்பது வால். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் மாட்டியதில்லை.

"ரய்யா போகட்டும்" என்றார் சாச்சா.

"ஸுவைனா இருக்காளே?" என்று என் பெயரைச் சொன்னான் ஹுமைத். அவன் என் பெரியப்பா மகன், எல்லாவற்றிலும் விளையாட்டு.

"முன்னாடி போறவ பேசணும்டா. குழி இருக்கு, வலதுல வா, நில்லு, ஏறுன்னு ரேடியோல சொல்லிக்கிட்டே போகணும். ஸுவைனா வாயத் தொறக்குறதுக்குள்ள நாம கடலத் தாண்டி இந்தியாவுக்கே போயிருவோம்."

மறுபடியும் சிரிப்பு. உண்மைதான். எனக்கு ரேடியோவில் பேச வராது. பட்டனை அமுக்குவேன், 'டக்' என்று எல்லா வண்டியிலும் கேட்கும், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், விட்டுவிடுவேன். 'டக்' கேட்டவுடன் ஹுமைத், "அமைதி, அமைதி! ஸுவைனா உரை நிகழ்த்துறா" என்பான். அதோடு முடிந்துவிடும்.

ரய்யா கிண்ணத்தை வைத்துவிட்டு, "நான் மணல்ல ஓட்டி ரெண்டு வருஷமாச்சே சாச்சா. ஸுவைனாதான் சரி" என்றாள்.

அப்படிச் சொல்லவும் அவளுக்குத்தான் வந்தது. அதற்காகவே சாச்சாவுக்கு அவளை இன்னும் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை விடியும்போது தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, இருபது டயரிலும் காற்றை இறக்கினேன். முப்பத்தைந்து பவுண்டிலிருந்து பதினான்குக்கு. சக்கரம் தட்டையாகி மணலில் ஒட்டகத்தின் பாதம்போல் விரிந்து நிற்க வேண்டும். ரய்யாவின் நாலாவது டயரில் காற்றை அளக்கும் முள் பதினான்கு காட்டிய பிறகும் என் விரல் கொஞ்ச நேரம் வால்வில் இருந்தது. பிறகு எடுத்துவிட்டேன். வேலையில் மட்டும் என்னால் தப்புச் செய்ய முடியவில்லை.

வரிசை இதுதான்: முன்னால் ரய்யா, அவள் பக்கத்தில் அவளுடைய உம்மா ஸலாமா மாமி. அடுத்து வாப்பாவும் உம்மாவும் சாச்சாவும். மூன்றாவது ஹுமைத். நான்காவது வருடாவருடம் எங்களோடு வரும் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பம். கடைசியில் தனியாக நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மணலில் மாட்டிய வண்டியை எவர் இழுத்து எடுக்கிறாரோ, அவர் அதற்குப் பின் மாட்டியவரின் இடத்தில் போகலாம். இழுபட்டவர் இழுத்தவரின் இடத்துக்கு வர வேண்டும். சாச்சா பதினேழு வருடமும் மாட்டாததால் முதல் இடம் யாருக்கும் கிடைத்ததில்லை.

ஒன்பது மணிவரை அவள் மாட்டவில்லை. பின்னாலிருந்து நான் அவள் தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தப்பாவது கிடைக்காதா என்று பார்த்தேன். சரிவில் குறுக்கே போகவில்லை, ஏறும்போது நடுவில் கியர் மாற்றவில்லை, பள்ளத்தில் நிற்கவில்லை. இடையிடையே ரேடியோவில் அவள் குரல்.

"இங்க மணல் மாவு மாதிரி இருக்கு, ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுக்காதீங்க. ஹுமைத், உன் தலைய வெளிய நீட்டாத, காத்துல பறந்துரும், உள்ள ஒண்ணும் இல்ல."

நாலு வண்டியிலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய மேடு ஒன்று வந்தது. பெரிய மேட்டில் ஒவ்வொரு வண்டியாகத்தான் ஏற வேண்டும். மற்றவர்கள் கீழே நிற்பார்கள். வால் வண்டி பக்கத்தில் எங்காவது உயரமான இடத்தில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மேற்குப் பக்கத் திட்டில் ஏறி நின்றேன்.

அங்கிருந்து மேட்டின் இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு வாரமாக அடித்த வடக்குக் காற்று உச்சியைச் சீவிக் கத்திபோல் ஆக்கியிருந்தது. அந்தப் பக்கம் சுவர்போல இறக்கம். வலது பக்கம் நாற்பது அடி தள்ளிப் போனால் உச்சி வளைந்து, நிதானமாக இறங்கியது. கீழே நிற்கிற ரய்யாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் நேராகக் கத்தியைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நான் பட்டனை அமுக்கினேன். டக்.

"அமைதி, அமைதி" என்றான் ஹுமைத்.

வலது பக்கம். இரண்டே சொல். தொண்டையில் இருந்தது. அன்றைக்கு அடைப்பு இல்லை, சொல்லியிருக்க முடியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் ஏற ஆரம்பித்தாள். நான் பட்டனை விட்டேன்.

உச்சியில் அந்தப் பக்கம் தரை இல்லை என்று கண்டதும் அவள் பிரேக் போட்டாள். வண்டியின் வயிறு முகட்டில் உட்கார்ந்தது. முன் சக்கரம் இரண்டும் அந்தப் பக்கம் காற்றில், பின் சக்கரம் இரண்டும் இந்தப் பக்கம் காற்றில். வெளுத்த கொடி இப்படியும் அப்படியும் ஆடியது.

ரேடியோவில் மாமியின் குரல் வந்தது. "கஹ்வா பூரா என் மடியில! பிளாஸ்க்கோட கவுந்துருச்சு!"

யாருக்கும் அடியில்லை. கயிற்றோடும் மண்வெட்டியோடும் நான் போனேன். மாமி எங்கள் ஊர்ப் பெண்கள் முகத்தில் கட்டும் முகமூடியைச் சரிசெய்தபடி, ஈர உடையை உதறிக்கொண்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள். ரய்யாவும் நானும் வண்டியின் அடியில் படுத்து மணலைத் தோண்டினோம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"ஏறும்போது உன் பட்டன் சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

நான் தோண்டினேன்.

"ஏதோ சொல்ல வந்த, இல்ல?"

"பேச வரல" என்றேன்.

"ம். உனக்குத்தான் வராதே." சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் தெரிந்துகொண்டாள் என்றும் தோன்றியது, தெரியவில்லை என்றும் தோன்றியது.

கயிற்றை மாட்டி ஒரே இழுப்பில் பின்னால் எடுத்துவிட்டேன். வாப்பா கைதட்டினார். சாச்சா, "அப்ப முன்னாடி போ, ஸுவைனா" என்றார். கயிற்றையும் மண்வெட்டியையும் ரய்யாவின் வண்டிக்கு மாற்றினோம்.

முதல் வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் தடமே கிடையாது. காற்று போட்ட வரிகள் மட்டும். மூன்று வருடமாக நான் ஆசைப்பட்டது அது. இரண்டு மணி நேரம் நன்றாகவே ஓட்டினேன். ரேடியோவில் "வலது", "நில்லு", "வா" என்று ஒற்றைச் சொல்லாவது சொன்னேன். ஆனால் என் கண் முன்னால் இருந்ததைவிடப் பின்னால் பார்க்கிற கண்ணாடியில்தான் அதிகம் இருந்தது. கடைசியில் அந்த வெளுத்த கொடி வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்ததுபோல அவளும் என் தடத்தைப் பார்க்கிறாள். தப்புக்காகக் காத்திருக்கிறாள்.

மதியத்துக்கு மேல் இன்னொரு பெரிய மேடு வந்தது. எல்லோரும் கீழே நின்றார்கள். ரய்யா ஒரு திட்டில் ஏறி நின்றாள். எனக்கு இடது பக்கம் கெட்டியாகவும் எளிதாகவும் தெரிந்தது. வண்டியைத் திருப்பினேன்.

"ஸுவைனா, இடதுல போகாத" என்றது ரேடியோ. "இடது உச்சி கத்தியா நிக்குது. வலதுல ஏறு. கீழருந்து பாக்க மோசமாத் தெரியும், மேல நல்லா இருக்கு."

வலது பக்கம் பார்த்தேன். செங்குத்து, தளர்ந்த மணல். அதில் ஏறினால் பாதியில் புதைந்து நிற்பேன். எல்லோரும் பார்க்க அவள் வந்து இழுப்பாள். முதல் இடம் அவளுக்குப் போய்விடும். நான் அவளாக இருந்தால் அதைத்தான் செய்வேன். காலையில் அதைத்தானே செய்தேன்.

இடதும் போகவில்லை, வலதும் போகவில்லை. எஞ்சினை நிறுத்தி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் நடந்து ஏறினேன். முதல் வண்டிக்காரர் நடந்து பார்ப்பது தப்பில்லை. வால் சொன்ன பிறகு மட்டும் யாரும் நடக்க மாட்டார்கள்.

உச்சியில் நின்று பார்த்தேன். இடது பக்கம் கத்தி. அந்தப் பக்கம் காலையில் பார்த்ததைவிட ஆழம். வலது பக்கம் பாய் விரித்ததுபோல இறங்கியது. அவள் சொன்னது ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே இருந்தது. கீழே நாலு வண்டிகளின் கண்ணாடிகளும் என்னை நோக்கி மின்னின.

வண்டிக்குத் திரும்பியபோது சாச்சாவின் குரல் காத்திருந்தது.

"ஏன் இறங்குன? ரய்யா சொன்னது கேக்கலையா?"

பட்டனை அமுக்கினேன். டக். விட்டேன்.

"ரேடியோ சரியில்ல போல சாச்சா" என்றாள் ரய்யா. "எனக்கும் அப்பப்ப கரகரங்குது. விடுங்க, அவ பாத்து ஏறிருவா."

அப்போதுதான் புரிந்தது. அவளுக்குக் காலையிலேயே தெரியும். தெரிந்தும் எனக்கு வழி சொன்னாள், இப்போது என் தப்பை மூடி மறைக்கவும் செய்கிறாள். இந்த ஒன்றையாவது அவளுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நெஞ்சு எரிந்தது. மறுபடி அமுக்கினேன்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு. அஞ்சையும் நான்தான் பாத்தேன்." என் குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது. "காலைல ரய்யா ஏறும்போது மேல கத்தியா இருக்குறது எனக்குத் தெரிஞ்சுது. பட்டன அமுக்குனேன். பேச வராம இல்ல. வேணும்னேதான் சொல்லல. அவ மாட்டணும்னு. அதனாலதான் இப்ப அவ சொன்னத நம்பல."

பட்டனை விட்டேன்.

"அப்ப என் கஹ்வாவக் கவுத்தது நீதானாடி!" என்றாள் மாமி.

ஹுமைத் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினான். சாச்சா சிரிக்கவில்லை.

"ரய்யா, முன்னாடி வா" என்றார். "ஹுமைத், நீ வாலுக்குப் போ. கயிற எடுத்துக்க. ஸுவைனா, நீ மூணாவது."

மூன்றாவது இடம் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கோ ஹுமைத்போல விளையாட்டாக வருகிறவர்களுக்கோ உரியது. முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். எதையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வால் என்னிடமிருந்து போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஹுமைத் என் வண்டிப் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "காத்தடிக்கிற மெஷின் உன் வண்டிலயே இருக்குல்ல? எடுத்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

ரய்யா என்னைக் கடந்து போகும்போது கண்ணாடியை இறக்கினாள். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"கழுத," என்றாள். கண் சிவந்திருந்தது. "என் உம்மாவும் உள்ள இருந்தாங்கடி."

வலது பக்கமாக ஏறினாள். ஒரே மூச்சில், நடுவில் திணறாமல், உச்சியில் கொடி ஒரு கணம் நின்று மறைந்தது. அடுத்து வாப்பா போனார். அடுத்து நான். அவள் தடத்தின்மேல் வாப்பாவின் சக்கரங்கள் ஏறிப்போயிருந்தன. மேட்டின் பாதியில் ஒரு சின்ன வளைவு இருந்தது. மிக அழகாக எடுத்த வளைவு. அது இரண்டு பேரில் யாருடையது என்று தெரியவில்லை. வாப்பாவுடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.