வீட்டுக்காரர் சத்தம்

காந்தப்புலத்தை அளக்கும் அவளுடைய காந்தமானிக்கு அன்று சாயங்காலத்தோடு சீட்டு கிழியப் போகிறது என்று ஆராய்ச்சி மையம் முழுக்கப் பேச்சு. வால்நட்சத்திரத்தின் கூடவே போய்க்கொண்டிருந்த விண்கலத்தில், சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரப் பற்றாக்குறை; அதிலுள்ள கருவிகளில் ஒன்றை அணைத்தே ஆக வேண்டும். கேமராக்காரர் தினம் ஒரு படம் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். இவள் காட்டியதோ வெறும் நேர்கோடு. "ஒண்ணுமே இல்லாத இடத்துல எதுக்கு ஒரு கருவி?" என்று திட்டத் தலைவி கேட்டதில் தப்பே சொல்ல முடியாது. சாயங்காலக் கூட்டத்தில் ஏதாவது காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அணைத்துவிடுவார்கள். அந்தக் கருவிக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டில் ஆத்திரத்தையெல்லாம் கணவர் தலையில் கொட்டினாள். அவருக்கும் அங்கேதான் வேலை. கருவி குளிரில் விறைத்துப் போகாமல் காக்கும் ஹீட்டர் அவர் செய்தது. அது எரிந்து எரிந்து அணையும்போது காந்த அளவீட்டில் மெதுவாக ஓர் ஆட்டம் தெரியும். அதற்கு அவள் குழு வைத்த பெயர் 'வீட்டுக்காரர் சத்தம்'. அதைத் துடைத்தெடுக்கவே அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். துடைத்தபின் மிஞ்சுவதுதான் வால்நட்சத்திரத்தின் பங்கு. வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவர்தான் காரணம் என்று பழகிய மனசு, இதிலும் வேறு காரணம் தேடவில்லை.

"இந்த வாரம் உங்க ஹீட்டர் பேயாட்டம் ஆடுது. துடைச்சு மாளல."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "எந்த ஹீட்டர்?"

"ம்? நம்ம வீட்டு வெந்நீர் ஹீட்டர்! கேள்வியைப் பாரு."

"அது போன வாரமே நின்னாச்சேம்மா. வால்நட்சத்திரம் சூரியன் கிட்ட வந்துடுச்சு, அங்க இப்ப நல்ல வெயில். சூடு ஏறினா ஹீட்டர் தானா அணைஞ்சுடும். அன்னைக்கே சொன்னேன், நீ எங்க காது குடுத்தே?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் இரண்டும் ஒரேயடியாக ஓடின.

அறைக்கு வந்து துடைக்கும் நிரலை நிறுத்தினாள். திரை முழுக்க அலை. விண்கலத்தின் சொந்தச் சத்தமென்றால், கருவியின் இரண்டு உணரிகளில் (சென்சார்களில்) கலத்தை ஒட்டியதில் பெரிதாகவும், கலத்திலிருந்து நீளும் கம்பத்தின் நுனியில் இருப்பதில் சிறிதாகவும் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு! வெளியிலிருந்துதான் வருகிறது. வால்நட்சத்திரம் விடும் வாயு சூரிய ஒளி பட்டு, மின்னேறிய பிளாஸ்மாவாகிறது. சூரியக் காற்று அதை இழுக்கிற இழுப்பில் காந்தப்புலமே குலுங்குகிறது. இத்தனை வருஷம் காத்திருந்த அலையை, ஒரு வாரமாகத் தன் கையாலேயே குப்பையில் போட்டிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கூட்டத்தில் அலையின் வேகத்தைப் பல மடங்கு கூட்டி, காதுக்குக் கேட்கிற ஒலியாக்கிப் போட்டாள். உலையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி களகளவென்று கேட்டது.

"இது எப்படி இத்தனை நாள் தெரியாம போச்சு?" என்றார் தலைவி.

பூசி மெழுகியிருக்கலாம். அவள் மெழுகவில்லை. "தப்பு என்னோடது. எங்க வீட்டுக்காரர் மேல பழியைப் போட்டு, நானே அழிச்சுக்கிட்டிருந்தேன்."

அறை சிரித்து ஓய நேரமாயிற்று. கேமராக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்தார்.

"என் கேமராவைக் கொஞ்ச நாள் அணைச்சு வைங்க," என்றார் அவர் தலைவியிடம். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "அதை இன்னொரு தடவை போடுங்கம்மா."

சந்தோஷம் தாங்காமல் அவள் மறுபடி போட்டாள்.