பந்துக்கு வைத்த பொட்டு

1.
இது என் கதையல்ல. ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் இருந்தவள் சொன்னது. "எழுதுங்கோ அக்கா, என்ர பேரை மட்டும் போடாதேங்கோ." ஆகவே இங்கே அவள் கமலாம்பிகை.

முதல் வரி: 1988 ஐப்பசி, மழை பெய்துகொண்டிரு... (வேண்டாம். அவள் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

2.
அது ஒரு யூதத் தொடக்கப் பள்ளி. வாசலில் எப்போதும் ஒரு பொலிஸ்காரர். கொம்பியூட்டருக்கும் உடற்பயிற்சிக்கும் ஒரே ஆசிரியர், அல்பேர்ட். கமலாம்பிகைக்கு அங்கே துப்புரவு வேலை. மூன்று மாதத் தவணை. நான் சொல்லும் நாளுக்கு மறுநாள்தான் அவளை நிரந்தரமாக்குவதா என்று தலைமையாசிரியை முடிவு சொல்வார்.

அன்று சரஸ்வதி பூசை. பிள்ளைகள் வருமுன், நாலு கொம்பியூட்டருக்கும் ஐந்து பந்துக்கும் அவள் குங்குமப் பொட்டு வைத்தாள்.

3.
"சேர், பந்திலை இரத்தம்!" என்று கத்தினாள் ஒரு சிறுமி.

போன மாதம்தான் வெளிமதிலில் யாரோ சிவப்பு மையால் யூதர்களுக்கு எதிராக வசை எழுதியிருந்தார்கள். பிள்ளைகளை முற்றத்துக்கு இறக்கினார்கள். பொலிஸ்காரர் உள்ளே ஓடி வந்தார்.

"ஆர் உள்ளுக்கை வந்தது?" என்றார் அல்பேர்ட். (ஜெர்மனில்தான் கேட்டார். என் காதில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அவள் சத்தமில்லாமல் துடைத்து, வேலையைக் காப்பாற்றுவதாக முதலில் ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. முற்றத்தில் நடுங்கி நின்ற பிள்ளைகளை நினைத்ததும் கிழித்துவிட்டேன்.

"நான்தான் வைச்சனான்" என்றாள் கமலாம்பிகை.

"நீங்களோ? ஏன்?"

"இண்டைக்கு நாங்கள் படிப்புச் சாமானுக்குப் பொட்டு வைக்கிற நாள்."

"பந்துக்குமோ?"

"அதையும் நீங்கள்தானே படிப்பிக்கிறியள்!"

அல்பேர்ட் சிரித்துவிட்டார். பொலிஸ்காரரை வாசலுக்கு அனுப்பிவிட்டு மெல்லச் சொன்னார்: "எங்கட சமயத்திலை சாமானைக் கும்பிட ஏலாது அக்கா. துடைக்கவேணும்."

"ஓம், துடைக்கிறன்."

"நில்லுங்கோ! கொம்பியூட்டரை நான் துடைக்கிறன். உங்கட ஈரத்துணி பட்டால் அது செத்துப்போம்."

4.
தலைமையாசிரியை படியிறங்கி வருகிறார். (அவருக்கு மூன்று வசனம் எழுதினேன். ஒன்றில் நல்லவர், ஒன்றில் கண்டிப்பானவர், ஒன்றில் இரண்டும். மூன்றையும் வெட்டிவிட்டேன்.) ரயிலில் வந்தவளும் கதையின் இந்த இடத்தில்தான், முடிவைச் சொல்லாமலே இறங்கிப்போனாள்.

அல்பேர்ட் ஒரு பந்தைத் துடைத்தபடி, "உண்மையைத் தானாகவே சொன்னவ" என்கிறார்.

கமலாம்பிகை கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். தலைமையாசிரியையின் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

சொல்லுங்கோ. அவள் நாளைக்கு வரலாமோ?